ஃபிட்டர் வீட்டில் சொல்லக்கூடாத வார்த்தை

அந்தத் தெருவில் டெய்லரக்காவைத் தெரியாதவர் யாராவது இருந்தால், அவர் நேற்றுதான் குடி வந்திருக்க வேண்டும். முன் அறையில் ஜன்னலை ஒட்டித் தையல் மெஷின், அதன் பின்னால் அவள், கழுத்தில் இஞ்ச் டேப். பேண்ட் உயரத்தைக் குறைக்கவும், இடுப்பைப் பிடிக்கவும், பிள்ளைகள் வளர வளரச் சட்டையின் மடிப்பைப் பிரித்து விடவும் அவளிடம்தான் வருவார்கள். போட்டுப் பார்த்து, கண்ணாடி முன் ஒரு சுற்று சுற்றிவிட்டு, எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்பார்கள்.

"அக்கா, ஃபிட்டா இருக்கா?"

அவள் தள்ளி நின்று, தலையைச் சாய்த்து, தோள்பட்டையைப் பார்ப்பாள். இருந்தால் இருக்கிறது என்பாள். இல்லையென்றால் கழற்றச் சொல்வாள். முகத்துக்காகப் பொய் சொல்லும் பழக்கம் அவளிடம் கிடையாது. "தையல்ல ஒரு குறையும் இல்ல, உங்க தொப்பைலதான் குறை" என்று ஒரு பெரிய மனிதரிடம் நேருக்கு நேர் சொன்னவள். அப்படிப்பட்டவள் ஓர் உண்மையை வாய்க்குள்ளேயே அடைத்துக்கொண்டு, சோறு இறங்காமல் அலைந்த நாட்கள் உண்டு.

அவள் புருஷன் மாவு மில்லில் ஃபிட்டர். பெல்ட் அறுந்தாலும், பேரிங் சத்தம் போட்டாலும், மோட்டார் உட்கார்ந்துகொண்டாலும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். பெண் பார்க்க வந்த அன்று அவளுடைய பெரியப்பா, "பொண்ணு பண்றது ஃபிட்டிங், மாப்பிள்ளை ஃபிட்டரு. இதுக்கு மேல என்ன பொருத்தம் பாக்கணும்?" என்று சொல்லித் தன் ஜோக்குக்குத் தானே சிரித்தார். கல்யாணமாகி, ஒரே மகள் வளர்ந்து வெளியூர் ஹாஸ்டலில் தங்கிப் படிக்கப் போன பிறகும் அந்த ஜோக் சாகவில்லை. பெரியப்பாதான் செத்துப்போனார்.

மில்லில் புதிதாக ஒரு டவர் கட்டினார்கள். கோதுமையைக் கொட்டி வைக்கிற டவர். வெளிப்பக்கமாக ஒரு இரும்பு ஏணி, உச்சியில் ஆள் நிற்க ஒரு மேடை. மேலே ஓடுகிற பெல்ட்டையும் பேரிங்கையும் தினமும் ஏறிப் பார்ப்பதற்கென்று ஒரு ஹெட் ஃபிட்டர் வேண்டும் என்றார்கள். அந்த வேலை அவருக்குத்தான் என்று முடிவாகிவிட்டது. மெடிக்கல் மட்டும் பாக்கி. டாக்டர் ஃபிட் என்று சொன்னால் போதும், அடுத்த மாதம் முதல் அவர் ஹெட் ஃபிட்டர். மனிதருக்குத் தலைகால் புரியவில்லை. சமையலறை ஜன்னல் வழியாகத் தெரிந்த டவரைக் காட்டி, "அந்த உச்சில நின்னு உனக்குக் கை காட்டுவேன் பாரு" என்று அவளிடம் சொன்னார்.

அதற்குப் பிறகு வந்த ஒரு காலையில்தான் குளியலறையில் தடாலென்று சத்தம் கேட்டது.

அவள் அடுப்பை அப்படியே விட்டுவிட்டு ஓடினாள். கதவு தாழிட்டிருக்கவில்லை. அவர் தரையில் கிடந்தார். வலது கை முழங்கையில் மடங்கி மார்போடு ஒட்டியிருந்தது. கட்டை விரல் உள்ளே போய் மற்ற விரல்கள் அதன்மேல் இறுகியிருந்தன. கண்ணில் வெள்ளை மட்டும் தெரிந்தது. உடம்பு வெட்டி வெட்டி இழுக்க, குதிகால் பிளாஸ்டிக் வாளியில் டக் டக் டக்கென்று இடித்துக்கொண்டே இருந்தது. வாயோரம் நுரை, அதில் கொஞ்சம் ரத்தம். அவளுக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. தலை தரையில் மோதாமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள், அவ்வளவுதான். குழாய் அதுபாட்டுக்குத் திறந்து கிடந்தது.

பிறகு அது நின்றது. அவர் குறட்டை விட்டுத் தூங்கினார். அந்தக் குறட்டைதான் அவளை அதிகமாகப் பயமுறுத்தியது. வெகுநேரம் கழித்துக் கண்ணைத் திறந்து, ஈரத் தரையில் தன்னை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தவளைப் பார்த்து, "ஏன் அழற?" என்று கேட்டார்.

அவருக்கு ஒன்றுமே ஞாபகமில்லை. சோப்பு வழுக்கி விழுந்தேன் என்றார். நாக்கைக் கடித்தது விழுந்த வேகத்தில் என்றார். தோள் வலிக்கிறது என்று சொல்லிக்கொண்டே வேலைக்குக் கிளம்பப் பார்த்தார்.

"என்னங்க, நீங்க வழுக்கி விழல. உங்களுக்கு ஃபிட்ஸ் வந்துச்சு. நான் பாத்தேன்."

"பின்ன, ஃபிட்டருக்கு ஃபிட்ஸ் வராம டெய்லருக்கா வரும்?" என்று சிரித்தார்.

"விளையாடாதீங்க. டாக்டர்கிட்ட போலாம்."

சிரிப்பு நின்றது. மில்லில் முன்பு ஒரு வெல்டர் வேலை நேரத்தில் மயக்கம் போட்டு விழுந்தான். மறுநாள் அவனைக் கேட்டுக்கு உள்ளேயே விடவில்லை. அதை இருவருமே மறந்திருக்கவில்லை. "மெடிக்கல் முடியற வரைக்கும் அந்த வார்த்தை இந்த வீட்டுல வரக்கூடாது" என்றார். அவர் அப்படிக் குரலைத் தாழ்த்திப் பேசி அவள் கேட்டதில்லை. சத்தம் போட்டிருந்தால் பதிலுக்குச் சத்தம் போட்டிருப்பாள்.

நம் ஆட்களின் கெட்டிக்காரத்தனத்தை இங்கே கொஞ்சம் சொல்ல வேண்டும். சங்கடமான எதையும் இங்கிலீஷில் சொல்லிவிட்டால் பாதிச் சங்கடம் தீர்ந்தது என்று நமக்கு ஒரு நம்பிக்கை. குடிப்பார் என்று சொன்னால் சண்டை. டிரிங்க்ஸ் சாப்பிடுவார் என்றால் ஏதோ பெரிய உத்தியோகம் மாதிரி. வலிப்பு என்று சொல்லும்போதே வாய் கோணுகிறது. ஃபிட்ஸ் என்றால் கடையில் டப்பாவில் விற்கிற சாமான் போல இருக்கிறது. டெய்லரக்கா அந்தக் காலையிலிருந்து மனசுக்குள்கூட வலிப்பு என்று சொல்லிப் பார்க்கவில்லை. சொன்னால் அது குடும்பத்தில் ஒரு ஆள்போல வந்து உட்கார்ந்துவிடும் என்று பயந்தாள்.

ஆனால் டெய்லர் வீட்டில் போய் ஃபிட் என்ற வார்த்தையைத் தடை செய்தால் எப்படி? பக்கத்து வீட்டுக்காரி வந்து, "அக்கா, தோள்கிட்ட ஃபிட் சரியில்ல" என்பாள். உள்ளே டீ குடித்துக்கொண்டிருக்கும் ஃபிட்டர் டம்ளரை வைத்துவிட்டு எட்டிப் பார்ப்பார். காலேஜ் பையன் ஒருவன், "ஃபிட்டா வேணும்க்கா, செம ஃபிட்டா" என்பான். டெய்லரக்காவுக்கு ஊசியில் நூல் ஏறாது. "டைட்டா வேணும்னு சொல்லேன்டா" என்று அவனிடம் எரிந்து விழுந்தாள். அவன் ஒன்றும் புரியாமல் போனான்.

அவர் சாப்பிடும்போது பார்த்தாள். சவரம் செய்யும்போது பார்த்தாள். குளிக்கப் போனால் கதவுக்கு வெளியே துணி மடிக்கிற சாக்கில் நின்றாள். பேச்சின் நடுவே அவர் ஒரு நிமிஷம் யோசித்தால் இவள் எழுந்து கிட்டே போய் நின்றாள். சமையலறை ஜன்னலைச் சாத்தியே வைத்தாள். சாத்தினாலும் டவர் அங்கேதான் இருந்தது. ஏணியின் பாதியில் அவர் கை மடங்குவதும், கட்டை விரல் உள்ளே போவதும் பகலிலேயே அவள் கண்ணுக்குத் தெரிந்தது. கம்பியைப் பிடிக்க விரல் வேண்டுமே. அந்த விரல்தான் உள்ளே போய்விடுகிறதே.

ஃபோர்மேனிடம் சொல்லலாம். சொன்னால் மாலைக்குள் மில் முழுக்கத் தெரியும், வெல்டர் கதைதான். டாக்டரிடம் சொல்லலாம். டாக்டர் என்றால் மருந்து கொடுப்பார், கீழே நின்று செய்கிற வேலை கொடுங்கள் என்று பக்குவமாக எடுத்துச் சொல்வார். ஆனால் மெடிக்கல் பார்க்கிற டாக்டர் வேற்றுமொழிக்காரர், தமிழ் ஒரு சொல்கூடத் தெரியாது. டெய்லரக்காவின் இங்கிலீஷோ இஞ்ச் டேப்பைத் தாண்டாது. ஹிப், வெயிஸ்ட், லூஸ், டைட், காலர். அதை வைத்துக்கொண்டு ஒரு மனிதரின் உயிரைக் காப்பாற்ற வேண்டும்.

தம்பிக்குப் போன் போட்டாள். அவன் வேறு ஊரில் ஒரு அச்சகத்தில் பிழை திருத்துகிறவன். சின்ன வயதிலிருந்தே அகராதிப் பைத்தியம். வீட்டில் எல்லோரும் அவனை டிக்ஷனரி என்றுதான் கூப்பிடுவார்கள். நேரம் கேட்டால் கடிகாரத்தின் பூர்வீகத்தைச் சொல்கிற ரகம்.

"தம்பி, ஃபிட்ஸுக்கு இங்கிலீஷ்ல என்னடா?"

"அக்கா, அதுவே இங்கிலீஷ்தான்."

"அது தெரியும்டா. இங்கிலீஷ் பேசறவங்ககிட்ட எப்படிச் சொல்றதுன்னு கேக்கறேன்."

"யாருக்கு?"

"ஒரு... ஒரு கஸ்டமருக்கு."

யாருக்காக இருந்தால் என்ன, வார்த்தை கிடைத்துவிட்டது அவனுக்கு. "முதல்ல இதைக் கேளு. நீ தைக்கிறியே அந்த ஃபிட் வேற, இந்த ஃபிட் வேற. எழுத்து ஒண்ணுதான். ஆனா ஒரே வீட்டுப் பிள்ளைங்களான்னு யாருக்கும் உறுதியாத் தெரியாது. பொருத்தம்னு அர்த்தம் வர்ற ஃபிட் எங்கேருந்து வந்துச்சுன்னே தெரியல. அநாதை மாதிரி திடீர்னு வந்து நிக்குது. மாமா ஃபிட்டர்னா அதுலேருந்து வந்தவர். இந்த ஃபிட் ரொம்பப் பழசு. அந்தக் காலத்துல ஆபத்தான நிலைமைக்கு அந்தப் பேரு. அதுக்கும் முன்னால சண்டைன்னு அர்த்தம் இருந்திருக்கலாம்னு சொல்றாங்க. இதுல வேடிக்கை என்னன்னா, ஒரு நீளமான பாட்டோட ஒரு பகுதிக்கும் ஃபிட்னுதான் பேரு..."

"ஆபத்துன்னா சொன்ன?"

"அந்தக் காலத்துலக்கா. இப்போ சிரிப்புகூட ஃபிட்டா வரும், இருமல் ஃபிட்டா வரும், கோபம் வரும். எது நம்மளக் கேக்காம திடீர்னு வந்து பிடிச்சு உலுக்கிட்டுப் போகுதோ அதெல்லாம் ஃபிட்."

கேட்காமல் வந்து உலுக்கிவிட்டுப் போகிறது. தம்பியிடம் சொல்லிவிடலாமா என்று வாய் வரைக்கும் வந்தது. அவன் அதற்குள் அடுத்த படிக்குப் போய்விட்டான்.

"இன்னொண்ணுக்கா. நம்ம ஆளுங்க எல்லாத்துக்கும் ஒரு 'ஸ்' ஒட்டிடுவாங்க. தப்பு. ஒரு தடவை வந்தா ஃபிட். பல தடவை வந்தாத்தான் ஃபிட்ஸ். ஒரு தடவைன்னா 'எ ஃபிட்'. உன் கஸ்டமருக்கு எத்தனை தடவை வந்துச்சு?"

"ஒரே தடவைதான்டா" என்றாள். ஒன்றை இரண்டாக்கிச் சொல்லி அவர் பிழைப்பில் மண்ணைப் போட்டுவிடக் கூடாதே என்று 'ஸ்'ஸைக் கவனமாகக் கழற்றி வைத்தாள். அந்தக் குட்டி 'எ'வை வழியில் எங்கேயோ தொலைத்துவிட்டாள்.

மெடிக்கலுக்கு முந்தின நாள், நூல் வாங்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டு டாக்டரின் கிளினிக்குக்குப் போனாள். வயதானவர், நல்ல முகம். உட்காரச் சொன்னார். அவள் உட்காரவில்லை.

"டாக்டர். மை ஹஸ்பண்ட்... ஃபிட்டர். மில். டவர்."

"யெஸ்?" என்றார் டாக்டர்.

கைப்பையின் வாரை முறுக்கினாள். கட்டியவனைக் காட்டிக்கொடுக்க வந்திருக்கிறோம் என்ற நினைப்பில் முகம் வியர்த்தது. "மை ஹஸ்பண்ட் ஃபிட்" என்றாள்.

டாக்டர் முகம் மலர்ந்தது. "குட்! வெரி குட்!" என்றார். பிறகு நீளமாக என்னவோ சொன்னார். அதில் ஃபிட் என்பது மறுபடி மறுபடி வந்தது, கடைசியில் "டோன்ட் வொரி" வந்தது. எழுந்து வாசல் வரைக்கும் வந்து வழியனுப்பினார்.

வலிப்பு என்று கேட்டுவிட்டு ஒரு டாக்டர் சிரிப்பாரா என்று தெருமுனையில் அவளுக்கு ஒரு சந்தேகம் வந்தது. நல்ல டாக்டர் வீட்டுக்காரியைப் பயமுறுத்தமாட்டார் என்று தானே பதிலும் சொல்லிக்கொண்டாள். டோன்ட் வொரி என்றாரே. கவலைப்படாதே, நான் பார்த்துக்கொள்கிறேன் என்றுதானே அர்த்தம்? வெகுநாள் கழித்து அன்றைக்குத்தான் நிம்மதியாகச் சாப்பிட்டாள். ஜன்னலைத் திறந்து வைத்தாள்.

மறுநாள் அவரோடு அவளும் போனாள். எதற்கு என்று கேட்டார். சும்மா துணைக்கு என்றாள். அயர்ன் செய்த சட்டை போட்டிருந்தார், அவள் தைத்த சட்டை. டாக்டர் அவரைப் படுக்க வைத்தார், நெஞ்சில் கருவியை வைத்துக் கேட்டார், கண்ணில் வெளிச்சம் அடித்தார், குனிந்து கால் விரலைத் தொடச் சொன்னார். அவர் பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி குனிந்து தொட்டுவிட்டு அவளைப் பார்த்துச் சிரித்தார். டெய்லரக்கா ஓரத்து நாற்காலியில் உட்கார்ந்து, இப்போது கேட்பார், இதோ கேட்கப் போகிறார் என்று காத்திருந்தாள்.

டாக்டர் கேட்டது வேறு. "யுவர் வைஃப் கேம் யெஸ்டர்டே" என்றார். "ஷீ டோல்ட் மீ, மை ஹஸ்பண்ட் இஸ் ஃபிட்!" சொல்லிவிட்டு வாய்விட்டுச் சிரித்தார்.

அவளுக்குப் பாதி புரிந்தது. மீதியைப் புருஷன் முகம் சொன்னது. மில்லில் பெரிய எஞ்சினியர்களோடு பேசிப் பேசி அவருக்கு இங்கிலீஷ் ஓரளவு ஓடும். மெதுவாக அவள் பக்கம் திரும்பினார். கண் கலங்கியிருந்தது.

"எனக்காக வந்து சொன்னியா? நான் உன்னப் பேசவே விடல. நீ இங்க வந்து எனக்காகப் பேசிட்டுப் போயிருக்க."

காட்டிக்கொடுக்க வந்தவளைக் கையெடுத்துக் கும்பிடாத குறையாக அந்த மனிதர் பார்த்துக்கொண்டிருக்கிறார். டாக்டர் கையை நீட்டி, "யூ ஆர் ஃபிட்" என்கிறார். அவர் அந்தக் கையைப் பிடித்துக் குலுக்குகிறார். முடிந்தது. அடுத்த மாதம் ஏணி.

"நோ!" என்று எழுந்தாள். "டாக்டர், நோ! ஃபிட்! மை ஹஸ்பண்ட் ஃபிட்!"

"யெஸ், யெஸ், ஃபிட்" என்றார் டாக்டர் அன்போடு.

"நோ ஃபிட்! ஃபிட்! பாத்ரூம்... ஃபிட்ஸ்! ஃபிட்ஸ்!" தம்பியின் இலக்கணத்தைத் தூக்கிப் போட்டுவிட்டு அந்த 'ஸ்'ஸை அழுத்தி அழுத்திச் சொன்னாள். அதற்குள் நேரம் கடந்துவிட்டது. பாத்ரூமில் எது பொருந்துகிறது என்று தெரியாமல் டாக்டர் புருவத்தைத் தூக்கினார்.

"என்ன பண்ற நீ? உக்காரு" என்றார் ஃபிட்டர். முகத்தில் இருந்த ஈரம் போய்விட்டது.

"வலிப்பு!" என்று கத்தினாள். வாயில் வராமல் காத்து வைத்திருந்த சொல் அறை முழுக்கக் கேட்டது. "வலிப்பு டாக்டர்! இவருக்கு வலிப்பு!"

டாக்டருக்கு அது எந்த மொழி என்பதே தெரிந்திருக்காது. தெரிந்த ஒரே ஆள் அவளுடைய புருஷன். "வாயை மூடு" என்றார். "என் பொழப்பக் கெடுக்காத. வா, வீட்டுக்குப் போலாம்." அவள் தோளைப் பிடித்தார்.

தமிழும் தீர்ந்தது, இங்கிலீஷும் தீர்ந்தது. அதன்பிறகு செய்ததை அவள் யோசித்துச் செய்தாள் என்று சொன்னால் பொய். தோளை உதறினாள். தரையில் படுத்தாள். வலது கையை மடக்கி மார்போடு ஒட்டினாள். கட்டை விரலை உள்ளே வைத்து மற்ற விரல்களை இறுக்கினாள். கண்ணை மேலே செருகினாள். உடம்பை வெட்டி வெட்டி இழுத்தாள். குதிகால் கட்டிலின் இரும்புக் காலில் டக் டக் டக்கென்று இடித்தது. வலித்தது, நிறுத்தவில்லை. வாயோரம் எச்சில் வழிய விட்டாள். தெருவில் எல்லோரும் அக்கா என்று மரியாதையாகக் கூப்பிடுகிற, தலைமுடி கலையாமல் வாசலுக்கு வருகிற பெண் அவள். இடுப்புத் துணி விலகியதையும் கவனிக்கவில்லை.

டாக்டர் நர்ஸைக் கூப்பிட்டுக் கத்தியபடி முட்டி போட்டு உட்கார்ந்து, அவளை ஒருக்களித்துப் படுக்க வைத்தார். எவ்வளவு நாளாக என்று அவரிடம் இங்கிலீஷில் கேட்டார். ஃபிட்டர் காதில் எதுவும் விழவில்லை. அவர் அந்தக் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கட்டை விரல் உள்ளே போய் இறுகியிருந்த கை. தன் கையை ஒரு முறை பார்த்தார். விழுந்த அன்றைக்கு அவருடைய கட்டை விரலில் நகம் பதிந்த காயம் இருந்தது. சோப்பு வழுக்கினால் அப்படி ஒரு காயம் வராது என்று அவருக்கு அன்றைக்கே தெரிந்திருக்கும். தெரிந்ததைத் தெரியாததாக வைத்திருந்தார். குதிகால் இன்னும் இடித்துக்கொண்டிருந்தது.

"டாக்டர்" என்றார்.

டாக்டர் நிமிரவில்லை.

"டாக்டர். ஷீ நோ ஃபிட்." மில்லில் ஓடுகிற இங்கிலீஷ் அந்த நேரத்தில் ஓடவில்லை. தரையில் கிடந்தவளைக் காட்டினார். பிறகு தன் நெஞ்சைத் தொட்டார். "ஐ ஃபிட்."

டாக்டர் அவரைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். இந்தத் தடவை அந்த வார்த்தை அவருக்குப் புரிந்தது. கையை நீட்டிக் குலுக்கியது, வாசல் வரைக்கும் வந்து வழியனுப்பியது எல்லாம் ஞாபகம் வந்திருக்க வேண்டும். முகம் செத்துவிட்டது.

டெய்லரக்கா காலை நிறுத்தினாள். கண்ணைத் திறந்தாள். பக்கத்தில், கிளினிக்கின் வெறுந்தரையில், அவள் புருஷன் உட்கார்ந்து அவள் துணியைச் சரி செய்துகொண்டிருந்தார்.

"இப்படியா இருந்தேன்?"

"இதவிட மோசமா."

"நீ தனியாவா பாத்த?"

குளியலறையில் அழுததற்குப் பிறகு சேர்த்து வைத்திருந்த அழுகையெல்லாம் அந்தக் கேள்விக்குத்தான் வந்தது.

டாக்டர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்து, என்ன நடந்தது, முதலிலிருந்து சொல்லுங்கள் என்று நிதானமாக இங்கிலீஷில் கேட்டார். ஃபிட்டர் வாயைத் திறந்தார், மூடினார். சொல்வதற்கு அவரிடம் ஒன்றுமே இல்லை.

"எனக்கென்ன தெரியும்? பாத்தவ நீதான்" என்றார் அவளிடம். "ஒண்ணு விடாம நீ சொல்லு. நான் அவருக்குச் சொல்றேன்."